கான்வெர்ஜ்: அந்த இரைச்சலுக்குள் என்னதான் இருக்கிறது?

“அண்ணா, நீங்க ஓயாமல் சொல்கிறீர்களே என்று அந்த கான்வெர்ஜ் பேண்டைக் கேட்டேன். மூன்று நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. ஒரே கத்தல். இது பங்க்கா, மெட்டலா? இதில் அப்படி என்ன கண்டீர்கள்? கேட்பதானால் எங்கிருந்து ஆரம்பிக்க?” குன்னூரில் கிடார் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு தம்பி கேட்டது இது. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தம்பி, மூன்று நிமிடம் தாங்கியிருக்கிறாய், பரவாயில்லை. நான் முதல் தடவை ஒன்றரை நிமிடத்தில் நிறுத்தியவன். பிடிக்காமல் நிறுத்தவில்லை. சிடியில் கீறல் விழுந்து இப்படிக் கத்துகிறது என்று நினைத்து, வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டேன். அப்போதும் அப்படியே கத்தியது.

அது 2006. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தேன். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த என் சித்தி மகன் லீவுக்கு வரும்போதெல்லாம் எம்பி3 சிடி ரைட் பண்ணிக்கொண்டு வருவான். அந்தத் தடவை கொண்டுவந்ததில் மார்க்கர் பேனாவால் பேண்ட் பெயரும் பக்கத்தில் ‘சேலம்’ என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். “சேலத்துப் பசங்களாடா? என்னடா இவ்வளவு கோபம்?” என்று கேட்டேன். அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அது அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடலோரம் இருக்கிற சேலம். ஆங்கிலத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே எழுத்து. 1692-இல் சூனியக்காரர்கள் என்று பழி சுமத்தி 19 பேரைத் தூக்கில் போட்ட ஊர். விஷயம் தெரிந்த பிறகும் எங்கள் வீட்டில் பெயர் மாறவில்லை. “சேலத்துப் பசங்களை நிறுத்திட்டுச் சாப்பிட வாங்க” என்றுதான் என் மனைவி இன்றைக்கும் கூப்பிடுவாள்.

அந்தப் பசங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990-இல் ஜேக்கப் பேனனும் கர்ட் பலூவும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். அப்போது இரண்டு பேரும் பள்ளிக்கூட வயது. பேனன் பாடுவார் (உன் கணக்கில் கத்துவார்), பலூ கிடார். பாஸ் கிடாரில் நேட் நியூட்டன், டிரம்ஸில் பென் காலர் என்று ஆள் அமைந்தது 2000-ஐ ஒட்டி. அதற்கு முன்னால் மூன்று ஆல்பம் போலப் போட்டிருந்தாலும், இந்தக் கூட்டணி அமைந்து 2001 செப்டம்பரில் வந்த ‘ஜேன் டோ’தான் அவர்களை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பிரிட்டனின் ‘டெரரைசர்’ பத்திரிகை அதை அந்த வருஷத்தின் சிறந்த ஆல்பம் என்றது. அந்த ஆல்பத்தில் இரண்டாவது கிடார் வாசித்த ஆரன் டால்பெக் அப்புறம் விலகிவிட்டார். அதிலிருந்து இந்த நாலு பேர்தான். இத்தனை வருஷம் ஆள் மாறாமல் ஒரு பேண்ட் ஓடுவது எந்த ஊரிலும் அபூர்வம்.

சரி, அந்தச் சத்தம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்ல, உன்னை ஃபாக்டரிக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

தேயிலைக் கொழுந்தை அரைக்கிற சி.டி.சி மெஷினைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாயா? பல் வெட்டின இரண்டு ரோலர்கள் எதிரெதிராகச் சுற்றும். ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் இன்னொன்று 700. அந்த வேக வித்தியாசத்தில் மாட்டித்தான் கொழுந்து நசுங்கி, கிழிந்து, சுருண்டு விழுகிறது. அப்படி மூன்று, நாலு மெஷின் வரிசையாக ஓடும். அந்தப் பக்கம் டிரையர், அதற்கு மேல் வாட்டுகிற தொட்டிகளின் ஃபேன். புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். டூரிஸ்ட் யாராவது வந்தால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டுதான் நடப்பார்கள்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருவர். முதல் வாரம் என்னை ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட விடவில்லை. நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றைக் கொடுத்து, அதன் முனையை பேரிங் கூட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்ளச் சொன்னார். அப்படி வைத்ததும் ஃபாக்டரி காணாமல் போய்விடும். அந்த ஒரு பேரிங் மட்டும் காதுக்குள் சுற்றும். நல்ல பேரிங் என்றால் எண்ணெயில் வழுக்குவது போல ஒரே சீரான ‘உம்’. போகப்போகிற பேரிங் என்றால் அதற்குள் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு ‘கிர்’. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போய், ஆறு மாதம் கழித்து ஒரு நாள் கையில் ஸ்குரூ டிரைவர் இல்லாமல், கதவருகே நின்றபடியே, “மூணாவது மெஷின்ல ஏதோ சரியில்லைங்க” என்றேன். பெரியவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரம்தான் சித்தி மகனின் சிடியை மறுபடி எடுத்துப் போட்டேன் என்று சொன்னால் கதை மாதிரி இருக்கும். உண்மையில் அதற்கும் ரொம்ப நாள் கழித்து, ஒரு ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, ஹெட்ஃபோனில் போட்டேன். முதல் பாட்டு ‘கான்க்யூபைன்’. மொத்தமே 1 நிமிடம் 19 விநாடி. பழக்க தோஷத்தில் காது தானாக டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு போனது. அப்போதுதான் தெரிந்தது, தாறுமாறாக உடைத்து எறிகிற மாதிரி இருக்கிற இடத்தில் எல்லாம் நாலு பேரும் ஒரே கணத்தில் நிற்கிறார்கள், ஒரே கணத்தில் திரும்புகிறார்கள். ஒரு மயிரிழை பிசகு இல்லை. கோளாறு என்று நான் நினைத்தது கோளாறே இல்லை, மெஷின் சரியாக ஓடும்போது வருகிற சத்தம் அது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பங்க்கா, மெட்டலா?

இரண்டும் ராக் இசையின் கிளைகள். பங்க்கிலேயே வேகமும் கோபமும் கூடின வகையான ஹார்ட்கோர் பங்க் 1970-களின் கடைசியிலும் 80-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் கிளம்பியது. கலிஃபோர்னியாவில் பிளாக் ஃபிளாக், வாஷிங்டனில் பேட் பிரெய்ன்ஸ், மைனர் திரெட். பாட்டு ஒன்றரை நிமிடம், நாலைந்து கார்டு (சேர்த்து மீட்டுகிற சுரக்கூட்டு), தனி ஆவர்த்தனம் மாதிரியான சோலோ கிடையாது, பளபள உடை கிடையாது. மேடையே பெரும்பாலும் இருக்காது. பாடுகிறவர் மைக்கைக் கூட்டத்துக்குள் நீட்டுவார், முன்னால் நிற்கிறவன் மிச்ச வரியைக் கத்துவான். மெட்டல் நேர்மாறு. அங்கே வாசிப்புத் திறமைக்குத்தான் மரியாதை. ஆறு நிமிடப் பாட்டு, சிக்கலான ரிஃப் (கிடாரில் திரும்பத் திரும்ப வருகிற சின்ன மெட்டு), விரல் வித்தை. ஒரு கூட்டத்துக்கு இன்னொரு கூட்டத்தைக் கண்டால் ஆகாது. ஆனாலும் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டுக் கேட்டுக்கொண்டேதான் இருந்தன. ஸ்லேயர் 1986-இல் போட்ட ‘ரெயின் இன் பிளட்’ பத்துப் பாட்டையும் சேர்த்து அரை மணி நேரம்கூட வராது. மெட்டல் பேண்டுக்கு பங்க்கின் அவசரம் தொற்றியதன் அடையாளம் அது. அடுத்த வருஷமே டி.ஆர்.ஐ என்கிற பங்க் பேண்ட் மெட்டல் பக்கம் சாய்ந்து, தன் ஆல்பத்துக்கே ‘கிராஸ்ஓவர்’ என்று பெயர் வைத்தது.

கான்வெர்ஜ் இந்த இரண்டையும் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறை. அதனால் அவர்களிடம் இது பாதி, அது பாதி என்று கோடு போட முடியாது. விரல்கள் மெட்டல்காரர்களுடையவை, மனசு பங்க்காரர்களுடையது என்று வேண்டுமானால் சொல்வேன். இவ்வளவு கஷ்டமான வாசிப்பை வைத்துக்கொண்டு ஒரு தடவைகூட ‘என்னைப் பார்’ என்று நிற்க மாட்டார்கள். நீ கிடார் பழகுகிறவன், இதைக் கவனி: பலூ வாசிக்கிற பல ரிஃப்களைத் தனியாக எடுத்து வாசித்தால் ஜாஸ்காரன்கூடத் திரும்பிப் பார்ப்பான். ஆனால் பாட்டுக்குள் அது எட்டு விநாடி வந்து போய்விடும். அதைத் திரும்பப் போட்டு நம்மை மயக்கலாம் என்கிற ஆசையே அவருக்கு இல்லை. எனக்கு மற்ற மெட்டல் பேண்டுகள் பலவற்றின் மேல் இருக்கிற வருத்தமே இதுதான், நல்ல ரிஃப் ஒன்று கிடைத்தால் அதை வைத்துப் பந்தி போட்டுவிடுவார்கள்.

‘ஜேன் டோ’ என்றால் அங்கே போலீஸும் கோர்ட்டும் பெயர் தெரியாத பெண்ணுக்கு வைக்கிற பெயர். நம் பேப்பரில் ‘அடையாளம் தெரியாத பெண்’ என்று போடுவார்களே, அது. 12 பாட்டு, சுமார் 45 நிமிடம். முழுக்க முழுக்க ஓர் உறவு முறிந்து போனதைப் பற்றி. சாத்தான், ரத்தம், போர் என்று எதுவும் இல்லை. பேனனின் குரலில் ஒரு வார்த்தைகூடப் புரியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் புரிந்ததில்லை. பல வருஷம் கழித்து வரிகளை எடுத்துப் படித்தபோதுதான், இந்த மனுஷன் ஒருவரிடம் சொல்ல முடியாததைத்தான் இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று பிடிபட்டது. எழவு வீட்டில் ஒப்பாரியின் வார்த்தை எல்லாமா நமக்குக் கேட்கிறது? தெருமுனையில் வரும்போதே தெரிந்துவிடுகிறது இல்லையா.

இந்த ஆல்பத்தை வேகத்துக்காகப் புகழ்கிறவர்கள் அதிகம். எனக்கு அதன் மெதுவான இடங்கள்தான் உயிர். நாலாவது பாட்டு ‘ஹெல் டு பே’யில் பாஸ் கிடார் முன்னால் வந்து, கனமான பாரத்தை இழுத்துக்கொண்டு மேடு ஏறுகிற மாதிரி நடக்கும். அப்புறம் ‘பீனிக்ஸ் இன் ஃப்ளைட்’, ‘பீனிக்ஸ் இன் ஃப்ளேம்ஸ்’ என்று அடுத்தடுத்து இரண்டு. முதலாவது கிட்டத்தட்ட நாலு நிமிடம், மேகம் இறங்கி வருகிற மாதிரி மெல்ல மெல்ல மூடும். இங்கே கோடநாட்டில் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு மேலே ஏறி, எதிரே இருக்கிற மலையை ஒவ்வொரு மடிப்பாக விழுங்குவதைப் பார்த்திருப்பாய், அந்த வேகம். அது முடிந்ததும் இரண்டாவது: வெறும் 42 விநாடி. கிடாரைக் காணோம், பாஸைக் காணோம். டிரம்ஸும் குரலும் மட்டும். வீட்டில் சண்டை முற்றி, மற்ற எல்லோரும் எழுந்து வெளியே போய்விட்ட பிறகும் இரண்டு பேர் மட்டும் நின்று கத்திக்கொண்டிருப்பது போல. அவ்வளவுதான், டக்கென்று நின்றுவிடும். நான் அந்த 42 விநாடியை மட்டும் தனியாக எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கடைசிப் பாட்டு ஆல்பத்தின் பெயரே கொண்டது, பதினொன்றரை நிமிடம். அதைப் பற்றி எழுத மாட்டேன். கேட்டுக்கொள்.

அட்டையில் இருக்கிற அந்தப் பெண்ணின் முகம், பாதி அழிந்து மை ஊறினது மாதிரி, பேனனின் கைவேலை. அவர் படிப்பால் டிசைனர். பேண்டின் அட்டை, சட்டை, போஸ்டர் எல்லாவற்றையும் பெரும்பாலும் அவரே செய்வார். ‘டெத்விஷ்’ என்று ரெக்கார்டு கம்பெனி ஒன்றையும் நண்பரோடு சேர்ந்து நடத்துகிறார். பலூ பொறியியல் படித்தவர். சேலத்தில் ‘காட்சிட்டி’ என்கிற ஸ்டுடியோ அவருடையது. தங்கள் ஆல்பங்களோடு ஹை ஆன் ஃபயர், நெய்ல்ஸ், நார்வேயின் க்வெலர்டாக் என்று எத்தனையோ பேண்டுகளுக்கு ஒலிப்பதிவு செய்து கொடுத்திருக்கிறார். கிடாரின் சத்தத்தை மாற்றுகிற பெடல்களைத் தானே வடிவமைக்கிறார். ஆக வெளி ஆளுக்குக் காத்திராமல் தன் பட்டறையில் தானே உருக்கி, தானே அடித்து, தானே விற்கிற கூட்டம் இது. எனக்கு அவர்கள் மேல் இருக்கிற மரியாதையில் பாதி இதற்காகத்தான். கையில் கிரீஸ் ஒட்டாதவன் செய்த சாமானுக்கும் ஒட்டினவன் செய்த சாமானுக்கும் வித்தியாசம் உண்டு.

பலூவின் ஒலிப்பதிவில் இன்னொரு விஷயம். இப்போதைய மெட்டல் ஆல்பங்கள் பலவற்றில் டிரம்ஸ் ஒவ்வோர் அடியும் கம்ப்யூட்டரில் ஒரே அளவாக வெட்டி ஒட்டினது. கேட்க சுத்தமாக இருக்கும், தையல் மெஷின் மாதிரி. பென் காலர் வாசிப்பதில் ஓர் அடி கொஞ்சம் பலமாக, அடுத்தது கொஞ்சம் மெலிதாக விழும். ஸ்னேர் டிரம்மின் தோலும் அதற்குக் கீழே கம்பிச்சுருள் அதிர்வதும் கேட்கும். ஆள் ஒருவர் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும்.

அப்புறம் வந்த ஆல்பங்களை வேகமாகச் சொல்கிறேன். 2004 ‘யூ ஃபெயில் மீ’: ஒரு கிடார் குறைந்த இடத்தை நேட் நியூட்டனின் பாஸ் வந்து நிரப்புவதை அதில் கேட்கலாம். கரடுமுரடானது, எல்லோருக்கும் பிடிக்காது. 2006 ‘நோ ஹீரோஸ்’ எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. 2009 ‘ஆக்ஸ் டு ஃபால்’ விருந்தாளிகள் நிறைய வந்து வாசித்தது. அதன் முதல் பாட்டு ‘டார்க் ஹார்ஸ்’, மெட்டல் கேட்டுப் பழகினவனை வளைத்துப் போட ஏற்றது. 2012 ‘ஆல் வி லவ் வி லீவ் பிஹைண்ட்’ விருந்தாளி யாரும் இல்லாமல், நாலு பேர் மட்டும். ‘ஜேன் டோ’வை அடுத்து என் இரண்டாவது ஆல்பம் அதுதான். 2017 ‘தி டஸ்க் இன் அஸ்’ தொடங்குகிற ‘எ சிங்கிள் டியர்’ அப்பா ஆனதைப் பற்றிய பாட்டு. என் மகள் பிறந்து கொஞ்ச நாளில் அது கையில் கிடைத்தது, அதனால் அந்தப் பாட்டில் என் தீர்ப்பை நம்பாதே. 2021 ‘பிளட்மூன்’ செல்சீ வுல்ஃப் என்கிற பாடகியோடு சேர்ந்து செய்தது. மெதுவானது, இருண்டது, பாட்டு மாதிரியே பாட்டு இருக்கும். மனைவி எதிர்ப்புத் தெரிவிக்காத ஒரே ஆல்பம்.

நடுவில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த இசையை நம் ஆட்களுக்கு அறிமுகப்படுத்துகிறவர்கள், “நம்ம பறை மாதிரிதாங்க” என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. இங்கே எஸ்டேட் லைன் வீடுகளில் தப்புப் பறையின் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர் மக்களின் திருவிழாவில் கொம்பும் முரசும் சேர்ந்து எழும்புவதையும் தூர நின்று கேட்டிருக்கிறேன். அதற்கெல்லாம் சாமி உண்டு, சாவு உண்டு, ஊர் உண்டு, யார் எப்போது வாசிக்கணும் என்கிற முறை உண்டு. கான்வெர்ஜ், ஊரும் சாமியும் கைவிட்ட நாலு பேர் ஒரு ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தது. இரண்டும் சத்தமாக இருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒன்று என்றால் இரண்டு பேருக்குமே அவமரியாதை.

சரி, எங்கே ஆரம்பிப்பது? நீ எடுத்த எடுப்பில் ‘கான்க்யூபைன்’ போட்டிருப்பாய், அதுதான் தப்பு. முதலில் ‘பிளட்மூன்’ ஒரு தடவை. அடுத்த வாரம் ‘ஆக்ஸ் டு ஃபால்’. அதற்கு அப்புறம்தான் ‘ஜேன் டோ’, அதையும் முதல் தடவை முழுக்கக் கேட்க முயலாதே. ஒரே பாட்டை எடுத்துக்கொள், ‘ஹோம்ரெக்கர்’ நன்றாக இருக்கும். முதல் தடவை டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு போ. மற்றதெல்லாம் வரட்டும் போகட்டும். இரண்டாவது தடவை பாஸ். அது கிடாருக்குக் கீழே ஒளிந்திருக்கும், தேடு. மூன்றாவது தடவை கிடார். குரலைக் கடைசியில் வைத்துக்கொள். ஐந்தாவது தடவை ஒன்றையும் பிடிக்காமல் சும்மா விட்டுவிடு. ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கதவருகே நிற்கிற மாதிரி.

வால்யூமைக் கூட்டினால்தான் இந்த இசை என்று எவனாவது சொன்னால் நம்பாதே. ஃபாக்டரியில் காதுக்கு அடைப்பான் போடச் சொல்லிக் கொடுப்பார்கள். நாங்கள் வீராப்புக்குப் பையிலேயே வைத்திருப்போம். அதன் பலன், என் வலது காதில் எட்டு வருஷமாக ராத்திரியில் பிரஷர் குக்கர் மெல்லச் சீறுகிற மாதிரி ஒரு சத்தம். காது டாக்டர், இது போகாது, பழகிக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் என்பதே காதுக்கு எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடக்கூட அந்த நேரம் பாதியாகக் குறையும் என்று கணக்கு. ஹெட்ஃபோனை முழு வால்யூமில் வைத்தால் எங்கே போய் நிற்கும் என்று நீயே பார். பாதி வைத்தால் போதும். பலூ செய்த ஒலிப்பதிவு பாதியிலேயே முழுசாகக் கேட்கும்.

‘ஜேன் டோ’வை முழுக்கக் கேட்க நாள் பார்க்கிறாய் என்றால், அடுத்த தடவை கோயம்புத்தூர் போய்த் திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் பஸ் கிளம்பியதும் போடு. ஜன்னலோரம் உட்கார். பர்லியார் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது ஆல்பம் முடிந்திருக்கும், குன்னூருக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். உடனே வேறு எதையும் போடாதே. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வண்டியின் எஞ்சினைக் கேள். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் டிரைவர் கியரைக் குறைக்கப் போகிறார் என்பது, அவர் கை வைப்பதற்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்தால், அன்றைக்கு ராத்திரி எனக்கு ஒரு போன் போடு.